பேப்பர்க்காரி

ஜனவரி 4

டயர்க்கடைக்காரர் எல்லா டிரைவருக்கும் காலண்டர் கொடுத்தார். எனக்கு மட்டும் டைரி. "பொம்பளைக்கு எதுக்குண்ணே டைரி, பால் கணக்கு எழுதவா?" என்று ஸ்டாண்டில் ஒருவன் சிரித்தான். அதற்காகவே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். பால் கணக்கு மட்டும் இதில் வராது.

இன்று ஜீப் ஸ்டாண்டில் கூட்டம். என் கொழுந்தன் வீரணன்தான் செயலாளர். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஏர் பில்டர் கொண்டுவந்திருக்கிறான். எஞ்சினுக்குள் போகிற காற்றைச் சலிக்கிற வடிகட்டி. இது துணியில் செய்தது, சிவப்பு நிறம். அழுக்கானால் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவித் திரும்பத் திரும்பப் போடலாமாம். இனி கரட்டூர் ஸ்டாண்டில் எல்லா ஜீப்புக்கும் இதுதான் என்றான். பேப்பர் பில்டர் புழுதியில் அடைத்துக்கொள்கிறது, ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நின்றுவிடுகிறது, மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்குப் போவது ஒரு வண்டி அகலத்துக்கு மண்பாதை, ஒன்று நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கவேண்டியதுதான். இவையெல்லாம் அவன் சொன்ன காரணங்கள். பொய் என்று சொல்லமாட்டேன். மார்கழியில் அப்படி நின்ற வண்டிகளுக்குப் பின்னால் நானும் நின்றிருக்கிறேன்.

ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். நான் கையை நீட்டவில்லை.

"ஏன் மதினி, ஒங்களுக்கு வேணாமா?"

"எனக்குப் பேப்பரே போதும்."

"காரணம் சொன்னாத்தான தெரியும்."

"அந்தத் துணிய வெளிச்சத்துல தூக்கிப் பாரு தம்பி. கண்ணு கண்ணா ஓட்ட தெரியுது. நம்ம மலப் புழுதி மொகத்துக்குப் போடுற பவுடர் கணக்கா இருக்கும். அம்புட்டும் எஞ்சினுக்குள்ள போகும்."

"அந்த ஓட்டையப் புடிக்கத்தான் எண்ண தடவுறது."

"தெனம் ரெண்டு நட அடிக்கிறவன் எவன் ஒக்காந்து கழுவி, காயவச்சு, அளவா எண்ண தடவப் போறான்? நீ செய்வியா?"

சிலர் சிரித்தார்கள். அது வீரணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "சரி மதினி, பேப்பரே போடுங்க. ஆனா பாதையில ஒரே ஒரு தடவ நின்னுருச்சுன்னா சாவிய எங்கிட்டக் குடுத்துரணும். அண்ணன் வண்டிய நான் ஓட்டிக்கிறேன். நீங்க வீட்டப் பாருங்க" என்றான்.

தலைவர் சுருளி அண்ணன், "ஏப்பா, குடும்பச் சண்டைய ஸ்டாண்டுக்குக் கொண்டாராதீங்க" என்று இடையில் வந்தார். அதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஜனவரி 5

பந்தயத்தை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. இந்த ஊரில் தும்மினால்கூட அடுத்த தெருவில் ஆயுசு நூறு என்பார்கள்.

அவர் ஓட்டிய ஜீப்தான் இது. போன வருஷம் வண்டி மேலேறி ஏலக்காய் மூட்டைக்குக் கயிறு கட்டும்போது விழுந்து முதுகெலும்பில் அடி. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். வாசல்படி தாண்டியதில்லை. ஜீப் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேற்றுத்தான் முதல் தடவையாகப் பேசினார். என்ன பேசினார் தெரியுமா?

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு."

அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் பேசவில்லை, இனியும் பேசப்போவதில்லை. இன்றிலிருந்து இந்த டைரியில் அவருக்குப் பெயர் கட்டில்காரர்.

ஜனவரி 11

ஸ்டாண்டில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பேப்பர்க்காரி. வைத்துக்கொள்ளட்டும். பவுன்தாயி என்று பெயர் வைத்த என் அப்பன் மட்டும் என்னைக் கேட்டா வைத்தான்?

ஜனவரி 19

காலையில் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிறேன். மதியம் தெருவே காட்டுவேலைக்குப் போயிருக்கும், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு ஒரு தூக்கம். மூன்று மணிக்கு மேலே போய் அவர்களைக் கூட்டிவருகிறேன். தினமும் இறங்கியதும் பில்டர் டப்பாவைத் திறந்து பேப்பரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். வெளிச்சம் தெரிந்தால் திரும்ப உள்ளே. தெரியாவிட்டால் குப்பைக்கு.

மற்றவர்கள் பேப்பர் போட்ட காலத்தில் அதை எடுத்து டயரில் படார் படார் என்று தட்டித் திரும்ப மாட்டுவார்கள். கரட்டூர் ஸ்டாண்டின் வழக்கமே அதுதான். தட்டினால் மடிப்பில் பேப்பர் கிழியும், கிழிசல் கண்ணுக்கும் தெரியாது. பிறகு பில்டர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நான் தட்டுவதில்லை. "அதென்ன, பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரித் தூக்குறீங்க" என்று கேட்கிறார்கள்.

ராக்கு அக்காதான் என் வண்டிப் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. இன்று புழுதியில் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, "ஏ பவுனு, எஞ்சினுக்கு இம்புட்டுப் பாக்கிறியே, எங்க மூக்குக்கும் ஒரு பில்டரு வாங்கி மாட்டு" என்றாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது.

பிப்ரவரி 2

வீரணன் இன்று கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அந்தத் துணி நன்றாக மூச்சு விடுகிறது. என் வண்டி வாரக் கடைசியில் கொஞ்சம் திணறுகிறது. இரண்டாவது கியரில் போகிற ஏற்றத்தில் முதல் கியர் போட வேண்டியிருந்தது.

பயமாக இருந்தது. சாவி கைவிட்டுப் போனால் நான் மறுபடி ஏலக்காட்டுக்குக் கூலிக்குத்தான் போகவேண்டும். கூலி கேவலமில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு இனி வேறு எதுவும் பிடிக்காது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டேன். எஞ்சின் திணறுவது யாருக்கும் கேட்டிருக்காது.

பிப்ரவரி 10

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாண்டில் குழாயடியில் பில்டர் கழுவும் படலம். எல்லா பானட் மேலும் சிவப்பு அப்பளம் காய்வதுபோல் வரிசையாகக் காய்ந்தன. காயும்வரை எவனுக்குப் பொறுமை? சவாரி வந்ததும் டயர்க்கடையில் காற்றுப் பிடித்து ஈரத்தோடு மாட்டிவிட்டார்கள்.

பெட்டியோடு வந்த எண்ணெய் தீர்ந்துபோய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவுகிறான் ஒருத்தன். இன்னொருத்தன் வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்தான். அவன் வண்டி கிளம்பினால் இட்லிப்பொடி வாசனை வருகிறது. வீரணன் சொட்டச் சொட்ட ஊற்றினான், எண்ணெய் கூடினால் புழுதி நன்றாக ஒட்டும் என்று விளக்கம் வேறு. சுருளி அண்ணன் மட்டும் குழாயடிக்கு வரவில்லை.

நான் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். சிரித்தேன். அவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சிரித்தேன்.

பிப்ரவரி 18

மதியம் தூங்கி எழுந்தபோது கட்டில்காரரின் கோல் வாசல் நிலையில் சாய்ந்திருந்தது. தலைமாட்டுச் சுவரில் வைத்துவிட்டுப் படுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் தூங்கினேன். பூனை தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

பிப்ரவரி 27

வண்டி போன வாரம் முழுக்கத் திணறவில்லை. சனிக்கிழமையும் இரண்டாவது கியரிலேயே ஏறியது. பில்டர் டப்பாவின் அடியில் எப்போதும் ஒரு கைப்பிடி மண் கிடக்கும், அதைத் தட்டிக் கொட்ட எனக்குப் பல நாள் மறந்துபோகும். இன்று திறந்தால் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. காற்று வாக்கில் போயிருக்கலாம்.

மார்ச் 6

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் புதுப் பேப்பர் பில்டர் ஒன்று, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி. நான் எப்போது வைத்தேன்? கட்டியிருந்த முடிச்சு ஏலக்காய் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. எனக்கு அந்த முடிச்சு வராது. வயதாகிவிட்டது, எதை எப்போது செய்தேன் என்று நினைவில்லை.

சோறு வைக்கும்போது பார்த்தேன், கட்டில்காரர் நகத்திலெல்லாம் கறுப்பு. கட்டிலில் கிடக்கிறவருக்கு நகத்தில் என்ன அழுக்கு? கேட்டிருப்பேன். பேசுவதில்லை என்று இருக்கிறேனே.

மார்ச் 16

வீரணன் அண்ணனைப் பார்க்க வந்தான். ஒரு சீப்பு மலைவாழைப்பழம். நான் அடுப்படியில் இருந்தேன், ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"மதினி மேல எனக்கென்னண்ணே கோவம்? பொம்பளைகள ஏத்திக்கிட்டு மலையில நின்னா யாரு போறது? அதுக்காகத்தான் சொன்னேன்."

"ஒன் வண்டி ஏன்டா நீலமாப் பொகையுது?"

"பழைய எஞ்சினு."

"என்னுது அதவிடப் பழசு. குழாய்க்குள்ள வெரல விட்டுப் பாத்தியா?"

"எந்தக் குழாய்?"

கட்டில்காரர் ஒரு பழத்தை உரிக்கத் தொடங்கினார். வீரணனும் பேச்சை மாற்றிவிட்டான். எந்தக் குழாய் என்று எனக்கும் புரியவில்லை. காபியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29

இன்னும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மரத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னால் கண் படாதாம், அதனால் டைரியை மரக்கட்டில் மேல் வைத்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 5

நேற்று மலையில் கோடை மழை. காலையில் நாங்கள்தான் முதல் வண்டி. பாதைக்குக் குறுக்கே ஓடும் குறுக்கோடையில் எப்போதும் கணுக்கால் தண்ணீர்தான், இன்று கலங்கலாக முழங்கால் அளவு போனது. ராக்கு அக்கா, "இறங்கி நடந்துருவமா?" என்று கேட்டாள். "ஒக்காருக்கா" என்று சொல்லி வண்டியை விட்டேன்.

வேகமாக விட்டதுதான் பிசகு. தண்ணீர் முன்னால் எழும்பி பானட் மேல் அடித்தது. அக்கரையில் ஏறும்போது எஞ்சின் தொண்டை அடைத்த மாதிரி இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, நின்றுவிட்டது.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஓடைச் சத்தம் மட்டும்.

பானட்டைத் திறந்து டப்பாவைக் கழற்றினேன். பேப்பர் ஊறிப்போய், சாம்பாரில் விழுந்த அப்பளம் மாதிரி தொளதொளவென்று கைக்கு வந்தது. நல்லவேளை, எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. பேப்பர் தன்னையே அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்தியிருக்கிறது, அதனால் வண்டி நின்றது. டப்பாவைத் துண்டால் துடைத்தேன். சீட்டுக்குப் பின்னால் இருந்த கவரை எடுத்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, புதுப் பேப்பரை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். கிளம்பியது.

மேலே போய் இறங்கும்போது ராக்கு அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க ஒண்ணுத்தையும் பாக்கல பவுனு. என்னங்கடி?"

"பாக்கவே இல்லக்கா" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எவ்வளவு நல்ல மனுஷிகள். ஆனால் அவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேனே. பொய் சொல்லி ஓட்டுவதற்கா இவ்வளவு நாள் அத்தனை பேர் வாயிலும் விழுந்தேன்? கீழே இறங்கியதும் நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். செயலாளர் மேஜை மேல் சாவியை வைத்தேன்.

"நின்னுருச்சு. புழுதியில நிக்கல, தண்ணியில நனஞ்சு நின்னுச்சு. ஆனா நின்னது நின்னதுதான். எடுத்துக்க தம்பி."

வீரணன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தான். "பந்தயம் மதினிதான ஒத்துக்கிட்டாங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

எடுக்கமாட்டான் என்று நினைத்திருந்தேன். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன். தலை நிமிர்ந்துதான் நடந்து வந்தேன். எங்கள் தெருமுனைதான் ஸ்டாண்டு, நல்லவேளையாகத் தூரம் இல்லை.

சாயங்காலம் பெண்களை வீரணன்தான் என் வண்டியில் இறக்கிக் கொண்டுவந்தான். ராக்கு அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று, "தூக்கித் தூக்கிப் போட்டு இடுப்ப ஒடிச்சுப்புட்டான், நாளைக்கு நடந்தே போயிருவோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டில்காரர் கேட்டார், "வண்டி எங்க?"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6

விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு கோலை எடுத்தார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். வாசல்படியில் நின்றார். ஒரு காலை வெளியே வைத்தார், பிறகு இன்னொன்றை. நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன்.

"விடு. எனக்கு வழி தெரியும்."

தெருவே எழுந்து நின்று பார்த்தது. ஸ்டாண்டை அடைவதற்குள் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. எல்லோரும் "வாங்கண்ணே, ஒக்காருங்கண்ணே" என்று எழுந்தார்கள். உட்காரவில்லை.

"வீரணா, என் வண்டி பானட்டத் தெற. பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல போற ரப்பர் குழாயக் கழட்டு. உள்ள வெரல விட்டுத் தடவு."

வீரணன் தடவினான். விரலில் மஞ்சளாகக் கிரீஸ். தேய்த்துப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது.

"பில்டரத் தாண்டிப் புழுதி போச்சுன்னா அந்தக் கிரீஸுல ஒட்டும். மாசி மாசத்துலருந்து நான் தடவி வச்சுப் பாத்துக்கிட்டு வர்றேன். ஒரு பொட்டு மண்ணு இல்ல. இப்ப ஒன் வண்டியத் தெற."

வீரணன் திறக்கவில்லை. சுருளி அண்ணன்தான் திறந்தார். அங்கே கிரீஸ் தடவவே தேவையில்லை, துணியிலிருந்து வழிந்த எண்ணெய் குழாய் முழுக்க ஓடியிருந்தது. விரலைத் தேய்த்தால் நறநறவென்று சத்தம். சேறு. இவ்வளவு நாளும் அதைத்தான் எஞ்சின் தின்றிருக்கிறது.

பிறகு ஒருவன் பின் ஒருவனாக அவரவர் பானட்டைத் திறந்தார்கள். நறநற, நறநற. நல்லெண்ணெய்க்காரன் விரலை முகர்ந்துகூடப் பார்த்தான். சுருளி அண்ணன் வண்டி மட்டும் சுத்தம். அவர் இரண்டு துணி பில்டர் வாங்கி, ஒன்று ஓடும்போது ஒன்றை வீட்டில் நிழலில் காயவைத்து, சரியான எண்ணெயை அளவாகத் தடவியிருக்கிறார். அதையும் எழுதிவிடுகிறேன். நான் அநியாயக்காரி இல்லை.

வீரணன் தலையைக் குனிந்துகொண்டு சாவியை எடுத்து நீட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "வேணாம். பந்தயத்துல தோத்தவ நான். குடுத்த வாக்க எடுக்கமாட்டேன்."

"எவன்டி பந்தயம் கட்டுனது?" என்றார் அவர். "வண்டி என்னுது. ஆர்சி புக்கு என் பேருல இருக்கு. என்னயக் கேக்காம என் வண்டிய வச்சு மதினியும் கொழுந்தனும் பந்தயம் கட்டுவீகளா? அந்தப் பந்தயம் செல்லாது."

ஸ்டாண்டே சிரித்தது. வீரணனும் சிரித்துவிட்டான். சாவியை அண்ணன் பக்கம் திருப்பினான்.

"என்கிட்ட எதுக்குடா நீட்டுற? ஓட்டுறவ அந்தா நிக்கிறா."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை ஆண்கள் முன்னால் அழுவதாவது! அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு, "வண்டிய நேத்துத் தூக்கித் தூக்கிப் போட்டியாமே, ஷாக் அப்சார்பர் என்ன ஆச்சுன்னு பாக்கணும்" என்று வீரணனைத் திட்டிக்கொண்டே சாவியைப் பிடுங்கினேன்.

வீட்டுக்கு ஜீப்பிலேயே கூட்டிவந்தேன். தெருமுனையிலிருந்து வீட்டுக்கு ஜீப்பா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

"எப்பருந்து இந்த வேல?"

"நீ தூங்குற நேரம் பூரா."

"அப்ப ஏன் அன்னைக்கு அவன் சொல்றது ஞாயம்னு சொன்னீக?"

"ஞாயம் இருக்குன்னுதான சொன்னேன். அவன் சொல்றது சரின்னு சொன்னேனா? அதுக்குள்ள நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

திருப்பிக்கொண்டது அவர்தான். வாதாடவில்லை, பாவம், நடந்த களைப்பு.

ஏப்ரல் 12

மழைக்கென்று ஒரு துணி பில்டர் வீரணனிடம் வாங்கி வைத்திருக்கிறேன், கூடவே சரியான எண்ணெய் ஒரு புட்டி. துணி நனைந்தாலும் பேப்பர் மாதிரி ஊறி அடைக்காது. புழுதிக்குப் பேப்பர், மழைக்குத் துணி. இது எனக்கே தோன்றியது. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், ஆனால் எனக்குப் பிறகு.

ஸ்டாண்டில் பாதிப் பேர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்கள். பழையபடி டயரில் படார் படார். "தட்டாதீங்கடா" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கட்டில்காரர் என்று இனி எழுத முடியாது. காலைச் சவாரிக்குக் கிளம்பும்போது கோலும் கையுமாக ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். வளைவுக்கு வளைவு, "கியரக் கொற" என்கிறார். நான் குறைப்பதில்லை.